கன்னத்தில் மைதா

ரக்ஷனாவின் இடது கன்னத்தில் மைதா மாவு ஒட்டியிருந்தது. சமையல் மேடையில் உடைத்த முட்டை ஓடுகள், சிதறிய வால்நட் பருப்பு, கழுவாத கிண்ணம். சாப்பாட்டு மேசையில் மூன்றடுக்கு வால்நட் கேக், மேலெல்லாம் கிரீம் சீஸ் பூசிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நின்றது.

கன்னத்தைத் துடைக்கப் போனவளின் கையை அம்மா கண்மணி தட்டிவிட்டாள்.

"துடைக்காதடி. இப்பதான் தடவியிருக்கேன்."

ஈசூனில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டு ஓவனில் இதுவரை எதுவும் வெந்ததில்லை. அது வாணலி அடுக்கும் அலமாரி. ஆனால் கேக் செய்யத் தெரிந்த பெண்ணாக இருந்தால்தான் பார்க்க வருவோம் என்று மாப்பிள்ளையின் அம்மா தங்கம் சொல்லியனுப்பியதும், என் மகள் அதில் கரை கண்டவள் என்று கண்மணி போனிலேயே அளந்துவிட்டாள்.

அப்புறம் இன்ஸ்டாகிராமில் ஆர்டர். அக்கம்பக்கத்தார் டப்பாவைப் பார்த்துவிடக் கூடாதே! அதனால் லிட்டில் இந்தியாவில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்து, அங்கிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் கேக்கைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தங்கம் உட்காருவதற்கு முன்பே மகன் புராணத்தைத் தொடங்கிவிட்டாள். தஞ்சோங் பகாரில் பேங்க் வேலையாம். டை கட்டாமல் வாசல் தாண்ட மாட்டானாம். அந்த ஸ்ரீநாத் ஞாயிற்றுக்கிழமையும் டையோடுதான் வந்திருந்தான், பாவம்.

கண்மணி மட்டும் சளைத்தவளா? மகள் விடியற்காலையில் எழுந்து வால்நட்டை வறுத்ததைச் சொன்னாள். அடுக்கடுக்காகச் சுட்டதைச் சொன்னாள். கிரீம் சீஸைக்கூடத் தயிர் மாதிரி வீட்டிலேயே உறை ஊற்றியதாகச் சொன்னபோது ஸ்ரீநாத்துக்குப் புரையேறியது. ரக்ஷனாவுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அவளைக் கேக் வெட்டச் சொன்னார்கள். கத்தியை நடுவில் வைத்தாள்.

"பார்த்து," என்றான் ஸ்ரீநாத். "நடுவுல ஸ்ட்ரா செருகியிருக்கும். உருவிட்டு வெட்டுங்க."

தோண்டிப் பார்த்தால் நிஜமாகவே ஒரு ஸ்ட்ரா வந்தது. அடுக்கு சரியாமல் இருக்க மகள்தான் வைத்தாள் என்று கண்மணி சமாளித்தாள். பேங்கில் எதையும் கூர்ந்து கவனித்தே அவனுக்குப் பழக்கம் என்று தங்கம் பெருமைப்பட்டாள்.

முதல் வாய் உள்ளே போனதும் தங்கம் கண்ணை மூடினாள். கடையில் வாங்குவதெல்லாம் ஒரு கேக்கா என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்துவிட்டு, இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டினாள்.

"இந்தக் கைமணம் எங்க வீட்டுல யாருக்கும் வராதும்மா."

கண்மணிக்கு அப்போதே கல்யாண மண்டபம் கண்ணில் தெரிந்தது. பிள்ளைகள் தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

காரிடாரில், பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரியை ஒட்டி இருவரும் நின்றார்கள். ரக்ஷனாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் அவள் சம்பளத்தைக் கேட்டார்கள். இவன் மட்டும்தான் சாப்பிட்டீங்களா என்று கேட்டான். உண்மையைச் சொன்னால் இந்தச் சம்பந்தம் போய்விடும். சொல்லாவிட்டால் காலம் முழுக்க வாராவாரம் இதே மாதிரி கேக் கேட்பார்கள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அந்தக் கேக் நான் செய்யல. அம்மா ஆர்டர் பண்ணது. எனக்கு முட்டை உடைக்கக்கூட ஒழுங்கா வராது. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

அவன் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் அம்மா மூன்றாவது துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, மாவு, சர்க்கரை அளவெல்லாம் கண்மணியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவன் டையைத் தளர்த்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் பேங்கை விட்டு ஒரு வருஷமாச்சு. அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க லா."

கேக்கைப் பற்றிச் சொன்னால் இவன் பேங்கைப் பற்றிச் சொல்கிறானே என்று ரக்ஷனா விழித்தாள்.

"அந்தக் கேக்கைச் செஞ்சதே நான்தான்."