கையில் முளைத்தது

எங்கள் வீடு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். எல்லா நாளும் ஒரே இதம். அக்கா மகள் ஆதிரைக்கு மட்டுமல்ல, எனக்கும் நினைவு தெரிந்து ஜன்னல் திறந்ததே இல்லை.

வீட்டிலிருந்தே படிக்கும் மாலை வகுப்பில் ஐப்பசியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அனுபவிக்காததை எப்படி எழுதுவது? இன்று அக்கா வேலைக்குப் போனதும் ஆதிரைக்குப் பால் கொடுத்தேன். நாற்காலிகளைத் தள்ளி வைத்தேன். தப்போ என்று இன்னொரு முறை யோசித்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். மழைக்காற்று உள்ளே வந்தது.

“சித்தி, கையில என்னமோ முளைக்குது!”

அவள் கையெல்லாம் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். என் கையிலும் அப்படியே. ஏதோ தொற்று என்று பயந்து அக்காவைப் போனில் கூப்பிட்டேன். களிம்போடு ஓடிவந்தாள்.

“அறிவிருக்காடி? இனிமே பிள்ளைய உன்கிட்ட விட்டேனா பாரு!”

களிம்பைப் பிதுக்கியவள் தன் கையிலும் அதே புள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அட லூசு, இது குளிருடி. சின்ன வயசுல எனக்கும் வரும்.”

நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

“இருக்கட்டும். பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கு.”

ஒரே போர்வைக்குள் மூவரும் உட்கார்ந்து தின்றோம். மழை வலுத்தது.

“அம்மா, நாளைக்கும் முளைக்குமா?” என்றாள் ஆதிரை.

“நாளைக்கும் சித்திதானே உன்னைப் பாத்துக்குவா? அவளையே கேளு.”