கார் போட்ட மார்க்

தணிகாசலம் புதிதாக வாங்கிய கார், அவர் எவ்வளவு பத்திரமாக ஓட்டுகிறார் என்று மார்க் போடும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் திரையில் அது பளிச்சென்று தெரியும். சட்டென்று பிரேக் போட்டாலோ வளைவில் வேகமாகத் திரும்பினாலோ மார்க்கை வெட்டிவிடும்.

பம்பரில் மிளகாயோடு தொங்கிய எலுமிச்சம்பழத்துக்கு இது பொறுக்கவில்லை.

"வண்டி மேல யார் கண்ணும் படாம பாத்துக்கறது நான். பேர் மட்டும் உனக்கா?" என்றது.

"அட போப்பா! நான் மார்க் போட ஆரம்பிச்ச பிறகுதான் மனுஷன் ஒழுங்கா ஓட்டுறாரு. இன்னிக்கு தொண்ணூத்தொன்பது. பாரு, வாயெல்லாம் பல்லு!" என்றது கார்.

உண்மைதான். தணிகாசலம் ஓர் ஆட்டோவுக்கு வழிவிட்டார், உடனே திரையைப் பார்த்தார். வளைவில் பூப்போலத் திரும்பினார், மறுபடியும் திரையைப் பார்த்தார். தெருமுனையில் எண் மாறியது.

"நூறு!" என்று கத்தினார்.

அப்போது நடுரோட்டில், எந்தக் கடைக்காரரோ திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய் கிடந்தது. டயர் அதில் ஏறி வழுக்கியது. கார் நேராகப் போய் விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. தணிகாசலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர்தான் உள்ளே போய்விட்டது.

"கண்ணு படாம பாத்துக்கறேன்னு பெருசா சொன்னியே!" என்று கார் அழுதது.

பாதி நசுங்கி, சாறு சொட்டிக்கொண்டிருந்த எலுமிச்சம்பழம் சொன்னது: "ஊரார் கண்ணுன்னா நான் தடுப்பேன். ஓட்டுறவரோட ரெண்டு கண்ணும் உன் மேலயே இருந்தா, நான் என்னப்பா பண்றது?"