மிளகாய் நெடி

மிளகாய் அரைக்கக் கொடுத்தவர்கள் எல்லோரும் தெருவில் போய் நின்றுகொள்வார்கள். கோலப்பன் மட்டும் மூக்கில் துண்டுகூட வைக்காமல் மெஷின் பக்கத்திலேயே நிற்பான். மனைவி இறந்து தனியாக இருப்பவனுக்கு வாராவாரம் எதற்கு இவ்வளவு மிளகாய்ப்பொடி என்று மாவுமில் பகவதி ஒருநாள் கேட்டாள். "காரம் பிடிக்கும்," என்றான், முகமெல்லாம் கண்ணீராக. அங்கே நின்று அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதன் பிறகு மிளகாய் அரைபட்டு முடிந்தாலும், அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை அவள் மெஷினை வெறுமனே ஓடவிட்டாள். அவள் கண்ணில் நீர் வருவதில்லை. புருஷனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன அன்றும் வரவில்லை. நெடியில் காய்ந்துபோன கண் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் அவன் கோதுமை கொண்டுவந்தான். அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு மிளகா இல்லையா?"

"இல்ல. சப்பாத்தி போடலாம்னு." கொஞ்சம் தயங்கி, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றான்.

அதை அவளிடம் யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. கோதுமையைக் கொட்டி மெஷினைப் போட்டாள். வெதுவெதுப்பாக மாவு விழுந்தது. அவள் முதுகைக் காட்டி நின்றாள், தோள்கள் குலுங்கின. கோதுமை தீர்ந்து மெஷின் வெறுமனே இரைந்தது. முந்தானையால் முகத்தை மூடியபடி சுவிட்சைத் தேடிக் கை நீட்டினாள்.

"ஓடட்டும்," என்றான்.