கதவு திறக்கும் பக்கம்

அன்று காலை குளியலறை வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர்: தச்சர், வீட்டுக்காரர், அவர் மனைவி, சற்றுத் தள்ளி நாற்காலியில் செய்தித்தாளோடு அவருடைய அப்பா.

முந்தாநாள் மாட்டிய கதவை இன்று கழற்றச் சொன்னாள் மனைவி. உள்பக்கம் திறக்கிறதாம், வெளிப்பக்கம் திறக்க வேண்டுமாம்.

"நீங்கதானேம்மா உள்பக்கம் கேட்டீங்க?" என்றார் தச்சர். நடைவழி குறுகல், வெளியே திறந்தால் போகிறவர் மூக்கைப் பெயர்க்கும் என்று அவளே மூன்று முறை அளந்து சொன்னதை ஞாபகப்படுத்தினார்.

"ஆமா. இப்ப மாத்திச் சொல்றேன்."

"ஏன்?"

"தோணுச்சு."

தச்சர் உளியைக் கீழே வைத்தார். நிலையைச் செதுக்க வேண்டும், வர்ணம் போகும், மூன்று கீலுக்குப் போட்ட பன்னிரண்டு துளையையும் அடைக்க வேண்டும் என்று அடுக்கினார். "மரம் மறக்காதும்மா. போட்ட ஓட்டை போட்டதுதான்."

வீட்டுக்காரருக்கு அலுவலக நேரம். பதினொரு வருஷத்தில் அவள் மாற்றிய முடிவுகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு கை முடிந்ததும் அலுத்துப்போய் நிறுத்தினார்.

அப்பா தாளுக்குப் பின்னால் சிரித்தார். "உன் பெண்டாட்டி புத்தி காத்தாடிடா. அடிச்ச பக்கம் திரும்பும்."

அவள் மாமனாரை ஒருமுறை பார்த்தாள்.

"கதவு இப்படியே இருக்கட்டும்," என்றார் கணவர். "அடுத்த வாரம் அடுக்களை வேலை. அதுல நீ வாயே திறக்காதே. நான் பார்த்துக்கறேன்."

அந்த அடுக்களைக்காக ஆறு வருஷமாகக் காகிதத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள் அவள். முகம் சுருங்கிப்போயிற்று.

"சரி, அடுக்களை உங்க இஷ்டம். கதவை மட்டும் மாத்திடுங்க."

தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செய்தித்தாள் மடங்கியது. "அடுக்களை அவ இஷ்டப்படியே இருக்கட்டும்டா."

"நீங்கதானேப்பா காத்தாடின்னீங்க?"

"சொன்னேன்." அப்பா தரையைப் பார்த்தார். "நேத்து நீ வேலைக்குப் போனப்புறம் உள்ளே வழுக்கி விழுந்துட்டேன். கதவுக்குக் குறுக்கே கிடந்தேன். அவ தள்ளினா என்மேலேயே இடிக்குது. நான் நகர்ந்து வழிவிட இருபது நிமிஷமாச்சு. உனக்குத் தெரிஞ்சா என்னைத் தனியா நடக்க விடமாட்டே. அதான், சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

தச்சர் முதல் கீலில் கை வைத்தார்.

வீட்டுக்காரர் அலுவலகப் பையை இறக்கிவைத்துவிட்டுக் கதவைத் தாங்கிப் பிடித்தார். "மாடிக் குளியலறைக் கதவையும் திருப்பிடுங்க," என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்க. அப்ப இது போக மாடியில ஒண்ணு மீதி," என்றார் தச்சர்.