பக்கத்து இருக்கை

சரியாக நாற்பத்தொரு மணி நேரம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, திட்டித் திட்டியே அவளுக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்திருந்தான் கணவன். இன்று தேர்வில் தேறினால்தான் நாளை கூரியர் வண்டி ஓட்டும் வேலை.

"சிக்னல் போட மறந்து என் மானத்த வாங்காத, தாயே."

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தேர்வு அதிகாரி அவளுடைய பழகுநர் உரிமத்தைப் பார்த்தார். "நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா சார். இவர் பக்கத்துல இருந்தார்."

"அப்ப அவர் லைசென்ஸைக் காட்டணும். இல்லன்னா டெஸ்ட் கிடையாது."

கணவன் சட்டைப்பையைத் தடவினான். "வீட்ல இருக்கு சார்."

"நம்பர் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல பாத்துக்கறேன்."

"சொல்லுங்களேங்க," என்றாள், பத்து வருஷமாக அவன் ஓட்டிய காரில் போய்வந்தவள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆறு தடவை டெஸ்டுக்குப் போனேம்மா. ஒரு தடவகூட பாஸாகல."