மூன்றாம் மாடிக் கதவு

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த விடுதியில் வரவேற்பாளர் மாசிலாமணி பகல் முழுக்க நின்று ஓய்ந்துபோயிருந்தார். கீழ்த்தளத்தில் தங்கியிருந்த பெரியவர் தனக்கோடி வந்து போனை நீட்டினார். மூடிய ஒரு கதவும் ஆளில்லாத ஒரு பெஞ்சும் திரையில் தெரிந்தன.

"இதான் தம்பி, என் வீட்டுக்காரி கெடக்குற வார்டு. பொழுது சாஞ்சா என்னைய உள்ள விடமாட்டாங்க. நர்சு புள்ளதான் வாசல் கேமரா நம்பர போன்ல போட்டுக் குடுத்துச்சு. யாரும் ஓடியாரல பாருங்க. நல்லாத்தான் இருக்கா."

மாசிலாமணிக்கு அந்தப் பெஞ்சைத் தெரியும். ஆஸ்பத்திரி கேமராவின் நெட்வொர்க் எண் ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் மட்டுமே செல்லும். வெளியிலிருந்து பார்க்க முயன்றால், அந்த நெட்வொர்க்குக்குக் காவலான ஃபயர்வால் தடுத்துவிடும். விடுதியின் வைஃபையில் அதைப் போட்டால், அதே எண் கொண்ட விடுதிக் கேமராதான் திறக்கும். பெரியவர் இத்தனை நாளும் பார்த்து ஆறுதல் அடைந்தது, மூன்றாம் மாடியில் பழைய தலையணைகள் போட்டுவைத்த அறையின் கதவை.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். "அம்மா பேரு என்னங்க?" என்றுதான் வந்தது.

"பூரணம்."

மாசிலாமணி கால் கடுக்க மாடியேறினார். கேமராவுக்கு முதுகைக் காட்டி, கதவின் முன் கைகூப்பி, பூரணத்துக்காக உண்மையாகவே வேண்டிக்கொண்டார்.

படிக்கட்டு வழியாகப் பெரியவரின் குரல் ஏறி வந்தது. "தம்பி, எங்க போயிட்டீங்க? அவ வாசல்ல யாரோ கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு. மவராசன்."

வேண்டி முடித்த பின்னும் மாசிலாமணி அசையவில்லை. திரும்பினால் முகம் தெரிந்துவிடும்.