ரோட்டுக்கு அந்தப் பக்கம்

ரோட்டை நாலு வழிச் சாலையாக அகலப்படுத்தி சிக்னல் வைத்ததிலிருந்து செவலை என்கிற கிழநாய் பட்டினி. எச்சில் பரோட்டா போடும் கடை அந்தப் பக்கம், செவலை இந்தப் பக்கம். குட்டிகளெல்லாம் போய்த் தின்றுவிட்டு வந்தன. செவலை மட்டும் போகவும் தெரியாமல், எப்படிப் போவதென்று கேட்கவும் மனசில்லாமல் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது.

"பெரியப்பா, கடக்கச் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டது பொட்டு என்ற குட்டி நாய்.

"பத்து வருசமா இந்த ரோட்டைக் கடந்தவன்டி நான்."

"அப்போ கடங்க, பார்ப்போம்."

செவலை ஒரு காலை எடுத்து வைத்தது. லாரி ஹாரன் அடித்ததும் பின்னால் இழுத்துக்கொண்டது. வயிறு வேறு கத்தியது.

"சரி, சொல்லித் தொலை."

"விளக்கைப் பார்க்காதீங்க, மனுசங்க காலைப் பாருங்க. எல்லாக் காலும் சேர்ந்து நடந்தா நீங்களும் நடங்க. ஒருத்தன் மட்டும் ஓடினா அவன் பின்னால போகாதீங்க. அவனும் உங்களை மாதிரிதான், யாரையும் கேட்டிருக்க மாட்டான்."

செவலை முறைத்தது. ஆனாலும் காலைப் பார்த்தது. இரண்டு தடவை பயந்து நின்றுவிட்டு, மூன்றாவது தடவை கூட்டத்தோடு நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பொட்டும் கூடவே வந்தது.

கடைக்காரர் காய்ந்த பரோட்டா ஒன்றை வீசினார். அதை மென்று முடிப்பதற்குள் செவலை கேட்டது: "ஏன்டி, திரும்பிப் போறப்பவும் காலைத்தான் பார்க்கணுமா?"